ஏறி விளையாட ஒரு சிற்பம்: பினாங்கில் குழந்தைகளோடு சேர்ந்து வடிவமைக்க விரும்புகிறவர்களுக்கு

ஜார்ஜ்டவுனில் கலைக்குப் பஞ்சமில்லை. ஆர்மேனியன் தெருவில் 2012இல் லித்துவேனியக் கலைஞர் எர்னஸ்ட் சக்காரெவிச் தீட்டிய சைக்கிள் குழந்தைகளைப் பார்க்க இன்றும் ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். குழந்தைகள் சுவரில் தீட்டப்பட்டவர்கள். சைக்கிள் மட்டும் நிஜம். சந்துபொந்துகளில் 52 இரும்புக்கம்பிக் கேலிச்சித்திரங்கள் அந்தந்தத் தெருவின் கதையைச் சொல்கின்றன. இவையெல்லாம் பார்க்கவும் படம் எடுக்கவும் அமைந்தவை. ஆயர் ஈத்தாமிலோ ஜெலுத்தோங்கிலோ அடுக்குமாடி வீட்டில் வளரும் ஐந்து வயதுக் குழந்தைக்கு வாய்ப்பதோ, பெரும்பாலும் விலைப்பட்டியலைப் பார்த்து வாங்கி நட்ட ஒரு பிளாஸ்டிக் சறுக்குமரம். எந்த ஊரில் நட்டாலும் அது அதே சறுக்குமரம்தான்.

இந்த இரண்டுக்கும் நடுவே ஒன்றைச் செய்ய முடியும். ஒரு கலைஞரும் ஒரு பாலர் பள்ளிக் குழந்தைகளும் சேர்ந்து யோசித்து, அந்த வட்டாரத்துக்கே உரிய, தொடவும் ஏறவும் ஒளிந்துகொள்ளவும் ஏற்ற ஒரு சிற்பத்தை எழுப்பலாம். அதை முதன்முறையாகச் செய்ய முனைகிற ஓவியர்கள், சிற்பிகள், பாலர் பள்ளி ஆசிரியைகள், பெற்றோர் சங்கத்தார் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். நான்கு முதல் ஆறு வயதுவரை உள்ள குழந்தைகளே என் மனத்தில் இருக்கிறார்கள். கோலாலம்பூரில் இருப்பவர்கள் மாநகர் மன்றத்தின் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டால் மற்றவை பெரும்பாலும் பொருந்தும்.

முதலில் முடிவு செய்ய வேண்டியது: குழந்தைகள் எதை முடிவு செய்வார்கள்?

ஏற்கெனவே முடிந்துவிட்ட சிலையின் முன் குழந்தைகளை வரிசையாக நிறுத்தி, உள்ளங்கையில் சாயம் தடவிப் பதிக்க வைத்து, பிரமுகரோடு படம் எடுத்து, ‘குழந்தைகள் உருவாக்கிய சிற்பம்’ என்று பலகை மாட்டுவது எங்கும் நடக்கிறது. ரோஜர் ஹார்ட் என்ற ஆய்வாளர் 1992இல் யூனிசெஃப் வெளியிட்ட கட்டுரையில் குழந்தைகளின் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வரைந்து காட்டினார். அடியிலிருக்கும் மூன்று படிகளை, அதாவது குழந்தையை ஆட்டுவிப்பதையும், அலங்காரமாக நிறுத்துவதையும், பெயரளவுக்குச் சேர்த்துக்கொள்வதையும், அவர் பங்கேற்பு என்றே கணக்கிடவில்லை. உள்ளங்கைச் சாயம் இரண்டாம் படியில் நிற்கிறது.

ஆகவே வேலை தொடங்கும் முன்பே ஒரு தாளில் எழுதி, பள்ளியும் கலைஞரும் கையெழுத்திடுங்கள்: இந்தச் சிற்பம் என்னவாக இருக்க வேண்டும், அதற்குள் எப்படிப் போவது அல்லது அதன் மேல் எப்படி ஏறுவது, அதில் யாருக்கும் எளிதில் தெரியாத ரகசியம் எது. இந்த மூன்றும் குழந்தைகளுடையவை. இடம், உயரத்தின் எல்லை, பாதுகாப்பு, செலவு ஆகியவை பெரியவர்களுடையவை. குழந்தைகளிடமும் இதை நேராகச் சொல்லிவிடுங்கள். ‘எவ்வளவு உயரம் என்பதை நாங்கள் சொல்வோம், அது என்ன என்பதை நீங்கள் சொல்வீர்கள்’ என்றால் ஐந்து வயதுக் குழந்தைக்குத் தெளிவாகவே புரியும். எல்லாம் உங்கள் விருப்பம் என்று சொல்லிவிட்டுப் பிறகு கையைப் பிசைந்துகொண்டு நிற்பதுதான் அவர்களை நோகடிக்கும்.

சங்கத்தில் யாராவது ‘சின்னப் பிள்ளைகளுக்கு என்ன தெரியும்’ என்று கேட்டால் ஒன்றை நினைவுபடுத்துங்கள். மலேசியா 1995இல் குழந்தை உரிமைகள் ஒப்பந்தத்தில் இணைந்தது. அதன் 12ஆம் விதி, தன்னைத் தொடும் விஷயங்களில் குழந்தையின் கருத்துக்கு உரிய மதிப்புத் தரச் சொல்கிறது. 31ஆம் விதி விளையாட்டையும் கலைவாழ்வில் பங்குபெறுவதையும் உரிமை என்கிறது.

இடமும் அனுமதியும்

முதல் முயற்சியைப் பாலர் பள்ளி அல்லது தமிழ்ப்பள்ளி வளாகத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். வேலி இருக்கிறது, இரவில் பூட்டு இருக்கிறது, தினமும் கண் வைக்க ஆள் இருக்கிறது. பள்ளி வாரியத்தின் எழுத்துபூர்வ ஒப்புதலோடு தொடங்குங்கள். வேறு அனுமதி வேண்டுமா என்று மாநகர் மன்றத்திலும் கேட்டுக்கொள்ளுங்கள். பொதுப் பூங்கா என்றால் தீவில் பினாங்குத் தீவு மாநகர் மன்றம், பெருநிலத்தில் செபராங் பிறை மாநகர் மன்றம். அடுக்குமாடி என்றால் நிர்வாகக் குழு. 2008இல் யுனெஸ்கோ உலக மரபுத் தளமாக அறிவித்த ஜார்ஜ்டவுன் எல்லைக்குள் என்றால் மரபுப் பாதுகாப்பு விதிகளும் சேரும். அங்கே நாள்கள் கூடுதலாகவே ஓடும்.

அனுமதி மறுக்கப்பட்டால் மனம் தளர வேண்டாம். ஜப்பானிய-அமெரிக்கச் சிற்பி இசாமு நொகுச்சி 1930களில் குழந்தைகளுக்காக ஒரு விளையாட்டு மலையை வடிவமைத்து நியூயார்க் நகரப் பூங்கா நிர்வாகத்திடம் கொண்டுபோனார், நிராகரித்துவிட்டார்கள். அந்தக் கனவு கடைசியில் ஜப்பானின் சப்போரோவில், மொயெரெநுமா பூங்காவில் நிமிர்ந்தது. அது முழுமையாகத் திறக்கப்பட்டது 2005இல். அவர் இறந்து பதினாறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன.

அக்கம்பக்கத்தாரிடம் பேசும் வேலையைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். ருக்குன் தெத்தாங்கா (அக்கம்பக்கக் கண்காணிப்புக் குழு) தலைவர், சூராவ் (சிறு தொழுகைக்கூடம்) குழுவினர், கோயில் நிர்வாகத்தார், எதிரே கடை வைத்திருக்கும் சீனப் பெரியவர் என எல்லோரிடமும் முதல் வாரத்திலேயே போய் உட்கார்ந்து பேசுங்கள். பல சமயத்தார் கூடிவாழும் இடத்தில் மனித உருவமும் சில விலங்கு உருவங்களும் மனவருத்தத்தைக் கிளப்பக்கூடும். நம்மவர்களிடமும் ஒரு சிக்கல் உண்டு. பத்துமலையில் 42.7 மீட்டர் உயர முருகனை அண்ணாந்து பார்த்து வளர்ந்த குழந்தைக்குச் சிலை என்றாலே செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட வேண்டிய ஒன்று. பெரிய வயிற்றோடு ஒரு யானையைச் செய்து வைத்தால் மறுவாரமே அதன் நெற்றியில் குங்குமம் இருக்கும். அதன் மேல் ஏறும் குழந்தைக்கு அடியும் விழும். ஆகவே இது ஏறி விளையாடுவதற்கானது என்பது பார்த்த உடனே தெரிகிற வடிவமாக இருக்கட்டும். நத்தை, மரவேர், பழம், உடும்பு, பூதக்காலணி என வழி நிறைய இருக்கிறது.

ஒரு வாரம் வெறுமனே பாருங்கள்

தாளும் வண்ணமும் வேண்டாம். இடைவேளையில் ஓரமாக உட்கார்ந்து, குழந்தைகளின் உடம்பு எங்கே போகிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். சறுக்குமரத்தில் எத்தனை பேர் கீழிருந்து மேலே ஏறுகிறார்கள்? மழைநீர் வடியும் வாய்க்கால் விளிம்பில் கால் மாற்றிக் கால் வைத்து நடப்பது யார்? படிக்கட்டுக்கு அடியிலிருக்கும் இருட்டு மூலையில் யார் போய் உட்கார்கிறார்கள்? வேலிக்கம்பியில் தொங்குகிறார்களா? ஓடி விளையாடாமல் தனியே நிற்கிற குழந்தை எதைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது?

வாயால் சொல்லத் தெரியாத பல விருப்பங்களைக் குழந்தை உடம்பால் சொல்லிவிடுகிறது. ‘உனக்கு என்ன வேண்டும்’ என்று கேட்டால், தொலைக்காட்சியில் பார்த்த சூப்பர்மேனையும் இளவரசியையும்தான் சொல்வார்கள். அதே குழந்தையை அரை மணிநேரம் கவனித்தால், குனிந்து நுழைந்து வெளியே எட்டிப்பார்ப்பதற்கு ஓர் ஓட்டை கிடைத்தால் அதற்குப் போதும் என்பது தெரியும்.

கேட்கும் விதம்

குழந்தைக் கல்வி ஆய்வாளர்களான அலிசன் கிளார்க்கும் பீட்டர் மாஸும் 2001இல் இங்கிலாந்தில் முன்வைத்த ஒரு முறை நமக்கு நன்றாகக் கைகொடுக்கும். குழந்தையின் கையில் கேமராவைக் கொடுத்து, ‘உனக்கு முக்கியமான இடங்களை எனக்குச் சுற்றிக் காட்டு’ என்று சொல்லி அதன் பின்னால் நடப்பது அதில் ஒரு பகுதி. இங்கே பெரியவர் விருந்தாளி, குழந்தை வழிகாட்டி. பழைய கைப்பேசி போதும். தரையிலிருந்து 90 சென்டிமீட்டர் உயரத்தில் எடுத்த படங்களைப் பார்க்கும்போதுதான், நாம் ஒருநாளும் கவனிக்காத மேசையின் அடிப்புறமும், சுவரில் பெயர்ந்த ஓட்டையும், எறும்புப் புற்றும் அவர்களுடைய நிலக்காட்சி என்பது விளங்கும்.

பிறகு கேள்வி. தனக்கு என்ன வேண்டும் என்று கேட்பதைவிட, வேறொருவருக்காக யோசிக்கச் சொல்வது குழந்தையின் கற்பனையை நன்றாகத் திறந்துவிடும். இத்தாலியின் ரெஜியோ எமிலியாவில் லா வில்லெத்தா பாலர் பள்ளிக் குழந்தைகள் பறவைகளுக்காக ஒரு கேளிக்கைப் பூங்கா அமைத்தார்கள். பறவைகளுக்கு நீரூற்று, மின்தூக்கி என்று விரிந்த பேச்சு, உண்மையாகவே தண்ணீர் ஓடும் நீரூற்றுகளில் போய் நின்றது. பொறுமையாகக் கேட்டு, கைவேலைக்குத் துணைநிற்க அந்தப் பள்ளிகளில் கலைக்கூட ஆசிரியர் ஒருவர் நிரந்தரமாகவே இருக்கிறார், அதுதான் முதுகெலும்பு.

நம் ஊருக்கு என் கேள்விகள் இவை: மழை கொட்டும்போது வாய்க்காலில் இருக்கும் உடும்பு எங்கே போய் ஒளிந்துகொள்ளும்? மைனா தூங்குவதற்கு ஒரு வீடு கட்டினால் வாசல் எந்தப் பக்கம்? தாத்தா உட்கார, நீ ஏற, தம்பி ஒளிய, மூன்றும் ஒரே பொருளில் முடியுமா? பதில்கள் தமிழிலும் மலாயிலும் கலந்து வரும். வந்தபடியே, அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதிக்கொள்ளுங்கள். திருத்தி எழுதினால் யோசனையும் சேர்ந்து திருந்திவிடும்.

ஒரு முறைக்கு 30 அல்லது 40 நிமிடம் போதும். குழந்தைகள் பசியாறிய பிறகு காலை நேரமாக இருக்கட்டும். ஒரு குழுவில் ஆறு பேருக்கு மேல் வேண்டாம். எப்போதும் இரண்டு பெரியவர்கள் கூடவே, மற்றவர்கள் பார்வையில் இருக்க வேண்டும். படம் எடுக்கவும் அதை வெளியிடவும் பெற்றோரிடம் தனித்தனியாகக் கையெழுத்து வாங்குங்கள். கடிதம் தமிழிலும் மலாயிலும் இருக்கட்டும்.

களிமண்

இந்தக் கட்டத்தில் பலர் தாளையும் கிரயானையும் கொடுத்துவிடுகிறார்கள். தாளில் வரைந்த உருவத்துக்கு முன்பக்கம் மட்டுமே உண்டு. முதுகும் வயிறும் அடிப்பகுதியும் இல்லாத ஒன்றைப் பிறகு கலைஞர்தான் இட்டு நிரப்ப வேண்டியிருக்கும். அங்கேயே சிற்பம் குழந்தையின் கையிலிருந்து நழுவிவிடுகிறது. களிமண்ணில் தொடங்குங்கள். குயவர் மண்ணே சிறந்தது. கிடைக்காவிட்டால் கைவினைக் கடைகளில் பொதியாக விற்கும் மண் போதும். ஆளுக்கு ஒரு கிலோ கொடுங்கள். கைப்பிடியளவு மண் கொடுத்தால் பொம்மை வரும். ஒரு கிலோ கொடுத்தால் இடம் வரும். அதில் விரலை விட்டுக் குடையத் தோன்றும், மேலே எதையாவது நிறுத்திப் பார்க்கத் தோன்றும்.

உடும்புக் கேள்விக்கு ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி செய்ததைச் சொல்கிறேன். நீளமாக ஓர் உருண்டை, ஒரு முனை கூம்பி இருந்தது. கூம்பிய பக்கத்தில் கட்டைவிரலை அழுத்தி ஓர் ஓட்டை.

“வாய் இதுதானா?” என்று கேட்டேன்.

“இல்லை அக்கா. அது தூங்குகிறது, வாயை மூடிக்கொண்டிருக்கிறது. இது வால் பக்கம். இந்த வழியாகத்தான் வயிற்றுக்குள் போக வேண்டும்.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன் அதை உற்றுப் பார்த்தான். “இரண்டு பேர் போனால்? முதலில் போனவன் எப்படி வெளியே வருவான்?”

அவள் பதில் சொல்லவில்லை. கட்டைவிரலை இன்னும் ஆழமாக அழுத்தினாள். மறுபக்கம், விலா இருக்கும் இடத்தில் மண் புடைத்து, வெடித்து, நகம் வெளியே வந்தது. விரலை உருவிவிட்டு, கண்ணை அந்த ஓட்டையில் வைத்து அவனைப் பார்த்தாள்.

சுரங்கம் போன்ற எதற்கும் இரண்டு வழி வேண்டும் என்பது பாதுகாப்பு வல்லுநர்கள் வலியுறுத்துவது. இரண்டு குழந்தைகள் அதை ஒரு நிமிடத்தில் தாங்களே கண்டுபிடித்தார்கள். பெரியவர் செய்ய வேண்டியது, அந்த நேரத்தில் வாய் திறக்காமல் இருப்பதும், அந்த ஓட்டை எந்த விலா எலும்பின் இடத்தில் வந்தது என்று குறித்து வைப்பதும்தான். கட்டி முடிக்கும்போது ஓட்டை அதே இடத்தில் இருந்தாக வேண்டும்.

ஒவ்வோர் உருவத்தையும் நான்கு பக்கமிருந்தும் மேலிருந்தும் படம் எடுங்கள். குழந்தை சொன்ன கதையையும் அதோடு சேர்த்து வையுங்கள். மண் காய்ந்து வெடித்துவிடும். படம் இருந்தால் கவலையில்லை.

ஒன்றைத் தேர்ந்தெடுப்பது

கையைத் தூக்கி வாக்களிக்கச் சொல்லாதீர்கள். இந்த வயதில் வாக்கெடுப்பு என்றால் தோழியின் கை எழுந்தால் தன் கையும் எழும். தோற்ற குழந்தை அழும். மாறாக, எல்லா உருவங்களையும் தரையில் பரப்பி, ‘எது எதோடு பேசுகிறது’ என்று அடுக்கச் சொல்லுங்கள். நத்தையின் முதுகுப் படியும் உடும்பின் வயிறும் ஒன்றுசேரும். இருபது உருவங்கள் நான்கு கூட்டங்களாகச் சுருங்கும். அவற்றை ஒரே உருவமாக இணைப்பது கலைஞரின் வேலை. அவர் படித்த படிப்பெல்லாம் இங்கேதான் உதவ வேண்டும். இணைத்ததைக் குழந்தைகளிடம் கொண்டுவந்து, எந்தப் பகுதி யாருடையது என்று விரல் வைத்துக் காட்டுங்கள். ‘இது என் படி இல்லை’ என்று ஒரு குழந்தை சொன்னால் திரும்பப் போய் மாற்றுங்கள்.

பெரியவர்களின் தயக்கமும் இந்தக் கட்டத்தில்தான் வரும். உடும்பா, அசிங்கமாக இருக்காதா, பயப்பட மாட்டார்களா என்பார்கள். பிரெஞ்சு-அமெரிக்கச் சிற்பி நிக்கி த சான் ஃபால் 1972இல் ஜெருசலேமில் ஒரு கறுப்பு வெள்ளைப் பூதத்தைக் கட்டினார். அதன் வாயிலிருந்து தொங்கும் மூன்று சிவப்பு நாக்குகளும் சறுக்குமரங்கள். குழந்தைகள் நடுங்கிவிடுவார்கள் என்று பெரியவர்கள் முதலில் எதிர்த்தார்கள். பயமுறுத்துகிற ஒன்றின் மேல் ஏறி விளையாடினால் பயம் தெளியும் என்பது அவருடைய வாதம். அரை நூற்றாண்டாகக் குழந்தைகள் அந்த நாக்குகளில் சறுக்கிக்கொண்டிருக்கிறார்கள். உடும்புக்குப் பதிலாக முயல் வைக்கலாமே என்று சொல்கிறவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

அட்டையில் முழு அளவு

மின்சாதனக் கடைகளில் குளிர்சாதனப் பெட்டி வந்த அட்டைகளைக் கேட்டு வாங்குங்கள். பிவிசி குழாயும் ஒட்டுநாடாவும் சேர்த்து, உண்மையான அளவில் வளாகத்திலேயே நிறுத்துங்கள். குழந்தைகள் நுழைந்து பார்க்கட்டும். அட்டை தாங்காது என்பதால் ஏற வேண்டிய இடத்தில் மட்டும் உறுதியான மேசையோ பலகையோ வையுங்கள். இரண்டு நாளில் அட்டை கிழிந்துவிடும். எங்கே கிழிந்ததோ அங்கேதான் அதிகம் தொடப்போகிறார்கள். அந்த இடத்தில் பொருளை இரட்டிப்புத் தடிமனாக வையுங்கள்.

மில்லிமீட்டரில் இருக்கும் பாதுகாப்பு

இங்கே கலைஞர்கள் அவசரப்படக் கூடாது. விளையாட்டுச் சாதனங்களுக்கான ஐரோப்பியத் தரம் ஈஎன் 1176 என்று வழங்கப்படுகிறது. பொறியாளரோடு பேசும்போது நீங்களும் சில எண்களை அறிந்திருக்க வேண்டும்.

தலை சிக்குவது முதல் ஆபத்து. ஏறத்தாழ 9 சென்டிமீட்டருக்கும் 23 சென்டிமீட்டருக்கும் இடைப்பட்ட துளை எதுவும் உயரத்தில் இருக்கக் கூடாது. அந்த அளவில் குழந்தையின் உடம்பு கால் பக்கமாக நழுவிப் போய்விடும். தலை மட்டும் மாட்டிக்கொள்ளும். துளை இதைவிடச் சிறியதாக அல்லது பெரியதாக இருக்கட்டும். 8 முதல் 25 மில்லிமீட்டர் வரையுள்ள துளை விரலைப் பிடித்துக்கொள்ளும். அந்தச் சிறுமியின் கட்டைவிரல் ஓட்டை உண்மையான அளவில் 30 சென்டிமீட்டர் சாளரமாக விரிவது இதனால்தான்.

V வடிவில் மேலே விரிந்து கீழே குறுகும் இடைவெளி எங்கும் வேண்டாம். சட்டையின் கயிறு, கழுத்துச் சங்கிலி, பாவாடை ஓரம் எல்லாம் அதில் மாட்டும். விழா நாளில் பட்டுப்பாவாடையோடு ஒரு குழந்தை ஏறத்தான் செய்யும் என்று எண்ணியே வடிவமைக்க வேண்டும்.

60 சென்டிமீட்டருக்கு மேல் விழ வாய்ப்பிருந்தால் அடியில் அதிர்ச்சி தாங்கும் தரை வேண்டும். சுற்றிலும் குறைந்தது 1.5 மீட்டர் வெற்றிடம் வேண்டும். விழும் உயரம் 3 மீட்டர்வரை இருக்கத் தரம் அனுமதிக்கிறது. பாலர் பள்ளிக்கு ஒரு மீட்டரைத் தாண்ட வேண்டாம் என்பது என் கருத்து. ஐந்து வயதுக் குழந்தையின் சராசரி உயரம் 110 சென்டிமீட்டர் அளவில் இருக்கிறது. தன் உயரத்துக்கு ஏறி நின்றாலே அதற்கு உலகம் வேறாகத் தெரியும். பிடிக்கும் கம்பி 16 முதல் 45 மில்லிமீட்டர் தடிமனுக்குள் இருந்தால்தான் சின்னக் கை முழுதாகச் சுற்றிப் பிடிக்கும். நுழைவழியை 75 சென்டிமீட்டர் அகலத்தில் வையுங்கள். உள்ளே ஒரு குழந்தை அழுதால் ஆசிரியை தவழ்ந்து போக முடிய வேண்டும்.

நம் வானிலையும் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. பினாங்கில் உச்சிவெயில் தலைக்கு நேர் மேலே நிற்பதால் சறுக்கை வடக்கே திருப்பினாலும் தெற்கே திருப்பினாலும் பெரிய பயனில்லை; இரும்புச் சறுக்கு தொடையைச் சுட்டுவிடும். தூங்குமூஞ்சி மர நிழல் இருக்கும் இடமாகத் தேடுங்கள். மழைநீர் தேங்கக்கூடிய ஒவ்வொரு குழிக்கும் அடியில் வடிகால் துளை வேண்டும். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து வளர்ந்து பறக்க ஏழு முதல் பத்து நாள் போதும். வளாகத்தில் கொசுப்புழு கண்டுபிடிக்கப்பட்டால் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதமும் உண்டு. பல்லாங்குழிபோல் குழிகள் வைக்க ஆசைப்படுகிறவர்கள் இதை முதலிலேயே கணக்கில் கொள்ளுங்கள்.

பொருளும் கட்டுமானமும்

என் பரிந்துரை ஃபெரோசிமெண்ட். முறுக்குக் கம்பியால் எலும்புக்கூடு, அதன் மேல் பல அடுக்குக் கம்பி வலை, அதற்குள் ஊடுருவப் பூசிய சிமெண்ட் கலவை. எடையில் ஒரு பங்கு சிமெண்டுக்கு இரண்டு பங்கு மணல், தண்ணீர் மிகக் குறைவாக. வளைந்த வடிவங்களுக்கு இதைவிட ஏற்றது கிடையாது. ஃபைபர்கிளாஸ் மலிவாகவும் பளபளப்பாகவும் இருக்கும். வெயிலில் மேற்பூச்சு உதிர்ந்தபின் கண்ணாடி இழை குழந்தையின் தோலில் ஏறும். மரத்துக்குக் கறையான். கடல் காற்று வீசும் இடத்தில் எவர்சில்வர் வைப்பதானால் 304 ரகத்தை விட்டு 316 ரகத்தைக் கேளுங்கள்.

இந்தக் கை நம்மிடம் இருக்கிறது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். நம் கோயில் கோபுரங்களில் கம்பியும் சிமெண்டும் கொண்டு சுதைச் சிற்பம் செய்ய வரும் தமிழ்நாட்டுச் சிற்பிகள், ஒரு கரண்டியாலேயே கன்னத்தையும் கைவிரலையும் வரவழைக்கிறவர்கள். குடமுழுக்கு வேலை நடக்கும் கோயிலில் நிர்வாகத்தாரைக் கேட்டு அவர்களை ஒருநாள் பள்ளிக்கு அழைத்து வாருங்கள். அவர்களுடைய வேலை அனுமதிச்சீட்டு கோயில் வேலைக்கானது. ஆகவே கூலிக்கு அமர்த்துவதாக எண்ணாமல், செய்முறை காட்டவும் ஆலோசனை சொல்லவும் கேளுங்கள். வலை எங்கே இரட்டிப்பாக வேண்டும், பூச்சு எங்கே வெடிக்கும் என்பதை அவர்கள் தொட்டுப் பார்த்தே சொல்வார்கள். கட்டும் பொறுப்பை உள்ளூர் ஒப்பந்ததாரரும், சுமை கணக்கிட்டுக் கையெழுத்திடும் பொறுப்பைப் பதிவுபெற்ற பொறியாளரும் ஏற்க வேண்டும். பத்துக் குழந்தைகள் ஒரே நேரத்தில் வாலில் ஏறிக் குதிப்பார்கள் என்று பொறியாளரிடம் சொல்லுங்கள், ஏறுவார்கள்.

பூசியபின் ஏழு நாள் ஈரச்சாக்கு போர்த்தித் தண்ணீர் தெளிக்க வேண்டும். முழு வலுவுக்கு 28 நாள். அதுவரை கயிறு கட்டி வையுங்கள். பினாங்கில் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் மழை குறைவு. தைப்பூசமும் சீனப் புத்தாண்டும் அப்போதுதான் வரும் என்பதால் ஆள் கிடைக்கும் நாள்களை முன்பே பேசிவிடுங்கள். செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் பூச்சு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள்.

மேற்பரப்புக்கு மொசைக் நீண்டகாலம் நிற்கும். சிங்கப்பூரின் தோ பாயோவில் 1979இல் விளையாட்டுத் திடலில் கட்டிய கடல்நாகம் (டிராகன்), மொசைக் பதித்த தலையோடு இன்றும் நிற்கிறது. அதை வடிவமைத்த கோர் இயன் கீ வீடமைப்புக் கழகத்தின் ஊழியர். வீடுகளில் மிஞ்சிய ஓடுகளைச் சேகரிக்கும் வேலையைக் குழந்தைகளிடம் விடுங்கள். பாட்டி வீட்டுச் சமையலறைத் தரை உடும்பின் முதுகில் வந்து சேரும். ஓடுகளை உடைப்பதும் விளிம்பைத் தேய்ப்பதும் பெரியவர்கள். எந்த ஓடு எங்கே என்பதைத் தரையில் வைத்து முடிவு செய்வது குழந்தைகள். பதித்து முடிந்ததும் வெறுங்கையால் முழுவதும் தடவிப் பாருங்கள். கீறல் விழுந்தால் மறுபடி தேய்க்க வேண்டும். சாயம் பூசுவதானால் ஈயம் கலக்காதது என்று டப்பாவில் எழுதியிருக்க வேண்டும். நிழலில் பாசி பிடிக்கும் என்பதால் காலடி படும் இடங்களைத் துடைப்பத்தால் கோடு இழுத்துச் சொரசொரப்பாக விடுங்கள்.

குழந்தைகள் கேட்ட ரகசியத்தையும் இப்போதே வைத்துவிட வேண்டும். வயிற்றின் உட்கூரையில் ஒரே ஒரு நீல ஓடு, உள்ளே படுத்துக்கொண்டு பார்த்தால் மட்டும் தெரியும்படி. திறப்புவிழாப் பேச்சிலும் அதைச் சொல்லாதீர்கள்.

பணமும் துணையும்

செலவு உருவத்தைப் பொறுத்து மாறும். கணிப்பு கேட்கும்போது தரையை மறக்காதீர்கள். ஊற்றிப் போடும் ரப்பர் தரை சில வேளை சிற்பத்தைவிட அதிகம் கேட்கும். மணல் மலிவு, 30 சென்டிமீட்டர் ஆழம் வேண்டும், பூனைகள் வராமல் இரவில் மூடியாக வேண்டும். பினாங்கில் கலையையும் சமூகத்தையும் இணைத்து நெடுங்காலமாக இளையோரோடு இயங்கும் ஆர்ட்ஸ்-ஈடி அமைப்பினரிடம் முறைகளைப் பற்றிப் பேசிப் பாருங்கள். நல்கைக்கு திங்க் சிட்டி, செண்டானா போன்றவற்றின் அறிவிப்புகளைக் கவனியுங்கள். கலைஞரின் ஊதியத்தைத் தனி வரியாக எழுதுங்கள். இது சேவைதானே என்று சொல்லி அவருடைய மூன்று மாத உழைப்பை இலவசமாக வாங்கக் கூடாது.

கட்டிய பிறகு

பலகையில் குழந்தைகளின் முழுப்பெயரும் பிறந்தநாளும் வேண்டாம். பள்ளியின் பெயரும் ஆண்டும் போதும். தங்கள் பகுதி எது என்று அவர்களுக்குத் தெரியும்.

வாரத்துக்கு ஒருமுறை ஒருவர் கையால் தடவிப் பார்க்க வேண்டும்: வெடிப்பு, பெயர்ந்த ஓடு, தேங்கிய நீர், அடைத்த வடிகால். ஒரு நோட்டில் தேதி போட்டுக் கையெழுத்திடட்டும். ஆண்டுக்கு ஒருமுறை பொறியாளர். வெடிப்பு வழியே துருக்கறை வழிந்தால் உள்ளே கம்பி அரிக்கிறது என்று பொருள். அன்றே கயிறு கட்டிவிடுங்கள். மிஞ்சிய ஓடுகளில் இரண்டு பெட்டியாவது அலுவலக அலமாரியில் எடுத்து வையுங்கள். கலவையில் சேர்த்த நிறப்பொடியின் பெயரையும் அளவையும் பெட்டியின் மூடியிலேயே எழுதி ஒட்டுங்கள். ஐந்து ஆண்டு கழித்துப் பூச வருகிறவர் வேறொருவராக இருப்பார்.